அப்பா ‘தண்டச்சோறு’ என்பதை நிறுத்திய நாள்

அண்ணனுக்கு வந்திருப்பது மனச்சிதைவு என்று தெரியவே எங்களுக்கு மூன்று வருடம் ஆனது. அதற்குள் தாயத்து, மந்திரிப்பு, குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் எல்லாம் முடிந்திருந்தது. (கோயிலைக் குறை சொல்லவில்லை. அந்த ஒரு மண்டலம்தான் அம்மா நிம்மதியாகத் தூங்கினாள்.)

அப்புறம் ஆஸ்பத்திரி. டாக்டரிடம் மூன்று நிமிடம். வாசலில் நிற்கும் கூட்டத்துக்கு அவராலும் அவ்வளவுதான் முடியும். நோயை எங்களுக்குப் புரியவைத்தது ஊசி போடும் சிஸ்டர்தான். அண்ணன் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துத் துப்புவதைக் கண்டுபிடித்தவர் அவர். கை நடுங்குவதும் எச்சில் வடிவதும் மருந்தால் வருவது, நீங்களாக நிறுத்திவிடாமல் இங்கே வந்து சொல்லுங்கள் என்றவரும் அவர். “குரல் கேக்குதுன்னா சண்டை போடாதீங்கம்மா, ஆமான்னும் சொல்லாதீங்க. ‘உனக்குக் கேக்குது, எனக்குக் கேக்கலப்பா’ன்னு மட்டும் சொல்லுங்க” என்று அம்மாவைப் பழக்கிவிட்டார்.

அப்பாதான் கஷ்டம். குளிக்காமல், வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துக் கிடக்கிறவனைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “தண்டச்சோறு” என்பார். ஒருநாள் சிஸ்டர் அவரை உட்காரவைத்து, “சார், கத்துறது மட்டும் நோய் இல்ல, இப்படிக் கெடக்குறதும் நோய்தான்” என்று ஆரம்பித்தார். கால்மணி நேரம் பேசியிருப்பார். பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அப்பா வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வார்த்தை வீட்டில் கேட்கவில்லை.

ஓயாமல் குறைசொல்லும் வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு நோய் மறுபடி முற்றுவது அதிகம் என்பதை லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியல் ஆய்வாளர் எப்போதோ ஆராய்ந்து காட்டிவிட்டார். 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பங்களை ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல ஆஸ்பத்திரியிலும் வீட்டாரைக் கூடவே தங்கவைத்து வைத்தியம் பார்க்கும் வழக்கம் பல வருடமாக உண்டு. ஆக, நமக்குத் தெரியாத விஷயம் இல்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். போட்ட ஊசிக்கு ரிஜிஸ்டரில் கட்டம் இருக்கிறது. அப்பாவிடம் பேசிய கால்மணி நேரத்தை எழுத இடம் இல்லை. சிஸ்டர் அதைத் தன் சாப்பாட்டு நேரத்தில் பேசினார். அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்து நர்ஸ்கள் தினமான மே 12-ல் பூங்கொத்து கொடுத்துவிடுகிறோம். பூங்கொத்து இருக்கட்டும். வீட்டாரோடு பேசுவதும் டூட்டிதான் என்று எழுதி, அதற்கு ஆள் போடுங்கள்.

எங்கள் சிஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டார். “ரெண்டு ராத்திரி தூங்கலைன்னா, கத்த ஆரம்பிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, கூட்டிட்டு வந்துருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் தூங்காத நாட்களை அம்மா காலண்டரில் சுழித்துவைக்கிறாள். நடுராத்திரியில் கேட்க ஆளில்லாதவர்கள் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. காசில்லை, தமிழிலேயே பேசலாம்.