காய்ச்சலில் ஓடி வியர்த்தால் சரியாகாது

'காய்ச்சல் இருந்தாலும் ஓடி வியர்த்துவிடுங்கள், படபடப்பு வந்தால் உடம்பு தேறுகிறது என்று அர்த்தம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்துபார்க்க வேண்டாம்.

உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினாலே நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும். அதாவது சும்மா படுத்திருக்கும்போதே இதயம் கூடுதலாக உழைக்கிறது. அதன்மேல் ஓட்டமும் வியர்வையில் போகும் நீரும் சேர்ந்தால் படபடப்பு வரத்தான் செய்யும். அது தேறுவதன் அடையாளம் இல்லை. சில வைரஸ்கள் இதயத் தசையிலேயே அழற்சியை உண்டாக்கும். அந்த நேரத்தில் கடும் பயிற்சி செய்தால் துடிப்பின் ஒழுங்கு தவறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

போன வருடம் காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே நான் ஓடப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆன பிறகும் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினால் 130. உள்ளங்கை சில்லென்று இருந்தது. மருத்துவர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் நடை மட்டும் போதும் என்றார்.

சாதாரணமாக, பயிற்சியை நிறுத்திய முதல் நிமிடத்திலேயே துடிப்பு 12க்கு மேல் குறைய வேண்டும். சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள். கால்களில் ரத்தம் தேங்கித் தலைசுற்றுவது குறையும். நெஞ்சு வலி, மயக்கம், ஒழுங்கற்ற துடிப்பு, அடங்காத மூச்சிரைப்பு இருந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.