சி++ ஸ்ட்ரிங் அசைன்மென்ட் எப்போது ஹீப்பைத் தொடும்?

"ஸ்ட்ரிங்கை அசைன் செய்தால் ஒவ்வொரு முறையும் ஹீப்பில் (நிரல் ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகப் பகுதி) புது நினைவகம் ஒதுக்கப்படும், அதனால் எங்கும் மூவ் (நகலெடுக்காமல் உள்ளடக்கத்தைக் கைமாற்றுவது) போடுங்கள்" என்று சொல்லப்படுவது தவறு. அப்படியே பின்பற்றினால் சில இடங்களில் வேகம் குறையும்.

காப்பி அசைன்மென்ட் முதலில் பார்ப்பது இலக்கு ஸ்ட்ரிங்கின் கெபாசிட்டியை, அதாவது அதற்கு ஏற்கெனவே இருக்கும் இடத்தின் அளவை. புது உள்ளடக்கம் அதற்குள் அடங்கினால் பைட்டுகள் நகலாகும், அவ்வளவுதான். அடங்காதபோதுதான் ஒதுக்கீடு. சிறிய ஸ்ட்ரிங்குகள் ஹீப்புக்கே போவதில்லை: 64 பிட்டில் ஜிசிசி கம்பைலரின் நூலகத்திலும் மைக்ரோசாஃப்ட் நூலகத்திலும் 15 பைட் வரை, எல்எல்விஎம் நூலகத்தில் 22 வரை ஸ்ட்ரிங் பொருளுக்குள்ளேயே இருக்கும். இவற்றுக்கு மூவ் செய்தாலும் பைட்டுகளை நகலெடுத்தே ஆக வேண்டும். (யூடிஎஃப்-8இல் "வணக்கம்" 21 பைட், தமிழ் உரை கையாள்பவர்கள் இந்த வரம்பை எழுத்தில் எண்ணக் கூடாது.)

உண்மையான செலவு வேறிடத்தில். லூப்புக்குள் சுட்டியும் (எழுத்துகள் இருக்கும் முகவரி) நீளமும் கொடுத்துத் தற்காலிக ஸ்ட்ரிங் கட்டி, அதை மாறியில் போடுகிறீர்கள். நீளம் வரம்பைத் தாண்டினால் சுற்றுக்கு ஒரு ஒதுக்கீடு, ஒரு விடுவிப்பு. அந்தத் தற்காலிகப் பொருள் தானாகவே மூவ் ஆகிவிடுகிறது, ஆகவே நீங்கள் மூவ் எழுதுவதால் எதுவும் மாறாது. மாறியை லூப்புக்கு வெளியே அறிவித்து, அதே சுட்டியையும் நீளத்தையும் அசைன் ஃபங்ஷனுக்கு நேரே கொடுங்கள். உள்ளடக்கம் அடங்கும் வரை பழைய பஃபரே (ஏற்கெனவே ஒதுக்கிய இடமே) மீண்டும் பயன்படும்.

இன்னொன்று: கான்ஸ்ட் (மாற்ற முடியாத) ஸ்ட்ரிங்கை மூவ் செய்தால் கம்பைலர் பிழை காட்டாமல் காப்பிதான் செய்யும். சந்தேகமிருந்தால் ஹீப்பில் இடம் ஒதுக்கும் குளோபல் நியூ ஆபரேட்டரை மாற்றி எழுதி, ஓ2 (வேக மேம்பாடு இயக்கிய) பில்டில் அழைப்புகளை எண்ணிப் பாருங்கள்.