அந்தப் படத்தில் ஒரு கார்கூட இல்லை

மறுபடியும் அதே படம்! நகரின் நடுவே புது ஸ்டேடியம் என்று அறிவிப்பு வந்தால் போதும், கூடவே வந்து நிற்கும் அந்தக் கணினிப் படம். ஊர் மாறலாம், ஆட்டம் மாறலாம், படம் மட்டும் மாறாது. பொழுது சாயும் நேரம், தங்க வெளிச்சம். நடைபாதையில் நாற்காலி போட்ட காபிக் கடை. சைக்கிளில் ஒரு பெண். அப்பாவின் தோளில் குழந்தை, குழந்தையின் கையில் பலூன். நாயோடு ஒரு தாத்தா. பின்னால் ஜொலிக்கும் ஸ்டேடியம். கீழே ஒரு வரி: 'ஆண்டு முழுவதும் உயிர்ப்போடு இருக்கும் புதிய வட்டாரம்.' இதைக் காட்டித்தான் கோடிக்கணக்கான பொதுப்பணத்தைக் கேட்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. இந்த ஒரு படத்தை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை அலசாமல் இன்று விடுவதாக இல்லை.

முதலில் மரங்கள். படத்தில் இருப்பவை முப்பது வருட மரங்கள், கிளை கிளையாக நிழல். திறப்பு விழா அன்று நடப்போவதோ கை மணிக்கட்டு அளவு தண்டுள்ள கன்றுகள். நகரத்துத் தெருவில் ஒரு மரம் குடைபோல விரிய அதன் வேருக்கு 25 முதல் 30 கன மீட்டர் நல்ல மண் வேண்டும். அந்த ஸ்டேடிய முற்றத்தின் அடியில் என்ன இருக்கிறது? மின்கேபிள், வடிகால் குழாய், பல இடங்களில் நிலத்தடித் தளத்தின் கான்கிரீட் கூரை. ஒரு சதுர மீட்டர் குழியில் நட்டால் சில வருடங்களில் இலை கருகும், பிடுங்கிவிட்டுத் தொட்டி வைப்பார்கள்.

அடுத்தது கார். படத்தில் ஒன்றுகூட இல்லை! கணக்குப் போடுங்கள். 70,000 இருக்கை. பத்தில் நாலு பேர் ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிறார்கள் என்றே வைப்போம். மிச்சம் 42,000 பேர். காருக்கு இரண்டரை பேர் என்றால் 16,800 கார். ஒரு காரை நிறுத்த, அது உள்ளே வந்து வெளியே போகும் பாதையும் சேர்த்து, சுமார் 30 சதுர மீட்டர் வேண்டும். மொத்தம் 50 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 125 ஏக்கர். ஐந்து மாடியாக அடுக்கினாலும் 25 ஏக்கர். அந்த இடம் எங்கே? காபிக் கடை இருப்பதாகக் காட்டும் இடம்தான் அது. தாத்தா நாயோடு நடக்கும் இடம்தான் அது.

பலூன் குழந்தை நிற்கும் மூலையைப் பாருங்கள். எந்த ஸ்டேடியத்துக்கும் ஒரு முதுகுப்பக்கம் உண்டு. சாப்பாட்டுச் சரக்கு இறங்கும் இடம், குப்பை அழுத்தும் இயந்திரம், ஜெனரேட்டர், டிவி ஒளிபரப்பு வண்டிகளின் வரிசை. பெரிய இசை நிகழ்ச்சி வந்தால் இருபது முப்பது டிரெய்லர் லாரிகள், ஒவ்வொன்றும் 16 மீட்டருக்கு மேல். அவை திரும்ப இடம் வேண்டும், காத்திருக்க இடம் வேண்டும். இதெல்லாம் ஒரு முழுத் தெருவின் ஒரு பக்கத்தைத் தின்றுவிடும். அங்கே இரும்புக் கதவும் வெற்றுச் சுவரும்தான் இருக்கும். இருநூறு மீட்டர் வெற்றுச் சுவரை ஒட்டி இரவு பத்து மணிக்கு யார் நடப்பார்கள்? முன்பக்கத்தையும் விடுவதில்லை. மெட்டல் டிடெக்டர், வரிசைத் தடுப்பு, வண்டி மோதாமலிருக்கக் கான்கிரீட் குட்டைத்தூண் என்று முற்றம் முழுக்கப் பாதுகாப்புக்குப் போய்விடுகிறது.

இப்போது அந்தக் காபிக் கடைக்கு வருவோம். வயிறு எரிவது இங்கேதான்.

அமெரிக்கக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அங்கே கையில் பந்தை ஏந்தி ஓடும் 'அமெரிக்கக் கால்பந்து' லீகில் (NFL) ஒரு அணிக்கு சீசனுக்கு 17 ஆட்டம். சொந்த ஊரில் 8 அல்லது 9. பயிற்சி ஆட்டம் சேர்த்தால் 10. ஆட்டத்துக்கு ஆறு மணி நேரம் தெருவில் கூட்டம் என்று தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு 60 மணி நேரம். வருடத்தில் 8,760 மணி நேரம் இருக்கிறது ஐயா! ஒரு சதவீதம்கூட இல்லை. பேஸ்பால் பரவாயில்லை, சொந்த ஊரில் 81 ஆட்டம். ஆட்டத்துக்கு ஐந்து மணி நேரம் போட்டாலும் ஐந்து சதவீதத்தை எட்டாது. மிச்ச நேரம் முழுவதும் அந்தக் கடைக்காரர் யாருக்குக் காபி ஆற்றுவார்?

ஆட்ட நாளிலாவது பிழைப்பாரா? கதவு திறந்ததும் கூட்டம் உள்ளே போய்விடும். சாப்பாடும் குடியும் உள்ளேயே விற்கிறது, அந்த வருமானம் உள்ளே இருப்பவர்களுக்கு. பெரும்பாலான இடங்களில் ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அதனால் மூன்று மணி நேரம் தெரு காலி. ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் ரயிலையும் காரையும் பிடிக்கும் அவசரம். இதற்கு நடுவே தெருவை அடைத்து, பார்க்கிங் கட்டணத்தையும் ஏற்றிவிடுவதால் கடையின் வாடிக்கையாளர்கள் அன்றைக்கு அந்தப் பக்கமே வருவதில்லை. வாடகையை மட்டும் ஆட்ட நாள் கூட்டத்தைக் காட்டி நிர்ணயிப்பார்கள். சின்னக் கடை மூடும். தாக்குப்பிடிப்பது பெரிய பார் மட்டும்தான், அதுவும் ஆட்டமில்லாத செவ்வாய்க்கிழமை பூட்டிக் கிடக்கும்.

புதுப் பணம் வருமென்கிறார்கள். உள்ளூர்க் குடும்பம் பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் பணம் ஒன்றுதான். டிக்கெட்டுக்குப் போன காசு வேறு பேட்டையின் உணவகத்துக்கும் தியேட்டருக்கும் போகாது. ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் என்ற பொருளியலாளர்கள் 1997லேயே ஆய்வுகளைத் தொகுத்து, இந்த முதலீடு ஊருக்குத் திரும்பி வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் அதே படத்தைக் காட்டுகிறார்கள்! சியாட்டிலில் கிங்டோம் என்ற ஸ்டேடியம் 1976ல் திறந்தது, 2000ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் கடன் 2015ல்தான் தீர்ந்தது. இல்லாத கட்டடத்துக்குப் பதினைந்து வருடம் மக்கள் தவணை கட்டினார்கள்.

செயின்ட் லூயிஸில் புதிய புஷ் ஸ்டேடியம் 2006ல் திறந்தது. பக்கத்திலேயே வரவேண்டிய கடைத்தெருவின் முதல் பகுதி 2014ல்தான் வந்தது. அதுவரை அங்கே பள்ளமும் பார்க்கிங்கும். டெட்ராய்ட்டில் 2014ல் ஐந்து புதிய குடியிருப்பு வட்டாரங்கள் என்று படம் காட்டினார்கள். 30 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம் சேர்ந்த அரங்கம் 2017ல் திறந்தும்விட்டது. காட்டிய வீடுகளில் பெரும்பகுதி வரவேயில்லை. வந்தது பார்க்கிங். கட்டடத்துக்கு மட்டும் தேதி தவறுவதில்லை, வீட்டுக்கும் கடைக்கும்தான் 'சந்தை நிலவரம் சரியில்லை'.

உடனே வெற்றிக்கு உதாரணமாக வாஷிங்டனைக் காட்டுவார்கள், சான் டியாகோவைக் காட்டுவார்கள். பாருங்கள், நன்றாகப் பாருங்கள். வாஷிங்டனில் ஸ்டேடியம் வந்தது 2008. பக்கத்து நேவி யார்ட் மெட்ரோ நிலையம் 1991லேயே வந்துவிட்டது. போக்குவரத்துத் துறைத் தலைமையகம் 2007ல் பக்கத்தில் குடியேறியது. ஆற்றங்கரைப் பூங்கா 2010. தினமும் வேலைக்கு வரும் கூட்டமும் ரயிலும் ஆறும் சேர்ந்து செய்த வேலைக்கு ஸ்டேடியம் மாலை போட்டுக்கொள்கிறது. அப்படியிருந்தும் நிதி நெருக்கடியில் அதன் வாசலிலேயே பல வருடம் பள்ளம் கிடந்தது. சான் டியாகோவில் 1998ல் மக்கள் வாக்களித்த ஒப்பந்தத்திலேயே, அணி உரிமையாளர் தரப்பு சுற்றிலும் ஹோட்டல் உள்ளிட்ட கட்டடங்களைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதினார்கள். பக்கத்தில் ஏற்கெனவே உயிரோடிருந்த காஸ்லாம்ப் வட்டாரமும் மாநாட்டு மையமும் டிராம் பாதையும் இருந்தன. அங்கே ஸ்டேடியத்தோடு சேர்ந்த பூங்கா ஆட்டமில்லாத நாளில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. படத்தை நம்பி யாரும் உட்காரவில்லை. எழுதி வாங்கினார்கள்.

எழுதி வாங்குங்கள்! இத்தனை வீடு, இத்தனை சதுர மீட்டர் கடை, இந்தத் தேதி, தவறினால் இத்தனை அபராதம் அல்லது நிலம் திரும்ப நகராட்சிக்கு. பொதுப்பணத்தைக் கட்டடம் எழும்ப எழும்பத் தவணையாகக் கொடுங்கள், வீடுகளையும் சேர்த்து எண்ணி. 'தற்காலிக' பார்க்கிங் அனுமதிக்கு முடிவுத் தேதி போடுங்கள், தானாகவே காலாவதியாகட்டும். புதுப் பார்க்கிங் கட்டுவதற்கு முன் பகலில் அலுவலகங்கள் பயன்படுத்தும் பார்க்கிங்கை மாலையில் ஆட்டத்துக்குத் திறக்கச் சொல்லுங்கள். சுற்றியுள்ள நிலத்தை ஒருவருக்கே மொத்தமாகக் கொடுக்காமல் சின்னத் துண்டுகளாகப் பலருக்கு விற்றால் ஒருவர் முடங்கினாலும் அடுத்தவர் கட்டுவார். இருக்கும் குறுக்குத் தெருக்களை விழுங்க விடாதீர்கள். தெருவோரச் சுவரில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒரு கடைக் கதவு, அதுவும் தெருவைப் பார்த்து. கடைக்குப் புகைபோக்கிக் குழாயும் எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டியும் முதலிலேயே போடச் சொல்லுங்கள். இதை மறந்துவிட்டுக் கண்ணாடிக் கூண்டு மட்டும் கட்டிவைப்பதால்தான் அங்கே யாராலும் அடுப்பு பற்றவைக்க முடிவதில்லை. கடைசியில் அணியின் பனியன் விற்கும் கடை ஒன்று வந்து உட்கார்கிறது.

அப்புறம் கம்பெனிகளுக்கு விற்கும் இந்த ஸ்டேடியப் பெயர்! ஹூஸ்டன் நகர நடுவே 2000ல் பொதுப்பணமும் போட்டுக் கட்டிய பேஸ்பால் மைதானம் என்ரான் பெயரில் திறந்தது. அடுத்த வருடமே அந்த கம்பெனி திவால். 2002ல் மினிட் மெய்ட் ஜூஸ் பெயர். 2025லிருந்து டைக்கின் ஏசி பெயர். ஊர்க்காரன் ஆட்டோவிலோ டாக்சியிலோ ஏறி எந்தப் பெயரைச் சொல்லுவான்? வரி கட்டியவன் ஊர், அவன் பெயர் எங்குமே இல்லை. ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டிய சாலைப் பலகைகளுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதையும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.