டைட்டிலில் கையெழுத்து இருந்தால் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் தனியாரிடம் பழைய கார் வாங்கும்போது, டைட்டிலில், அதாவது காரின் உரிமைப் பத்திரத்தில், விற்பவரின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. போதாது. யாருடைய கையெழுத்து என்றும் பார்க்க வேண்டும்.

நான் வாங்கிய காரின் டைட்டிலில் முன்பக்கம் இருந்தது ஒரு பெயர், என்னிடம் காசு வாங்கியவர் வேறு ஆள். வாங்கிய காரைத் தன் பெயருக்கு மாற்றாமலே என் தலையில் கட்டிவிட்டார். பெயர் மாற்றப் போன வாகனப் பதிவு அலுவலகத்தில், கவுண்ட்டரில் இருந்த அம்மா காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் பக்கமே நகர்த்தினார். அப்புறம் அந்த மனிதரைத் துரத்திப் பிடித்து, முதலில் அவர் பெயருக்கு மாற்ற வைத்து, அதற்கான வரியையும் அவரையே கட்ட வைத்து, பிறகுதான் என் பெயருக்கு வந்தது. நல்லவேளை, போனை எடுத்தார்! ஆளே கிடைக்காவிட்டால் பல மாநிலங்களில் 'பாண்டட் டைட்டில்' என்று, உத்தரவாதத்தின் பேரில் டைட்டில் வாங்கும் வழி உண்டு. பெரும்பாலும் காரின் மதிப்பைப்போல ஒன்றரை மடங்கு தொகைக்கு உத்தரவாதப் பத்திரம் கேட்பார்கள்.

டைட்டிலில் வங்கியின் பெயர் இருந்தால், 'கடன் எப்பவோ முடிஞ்சது' என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள், வங்கி தரும் விடுவிப்புக் கடிதத்தைக் கேளுங்கள். எழுத்துப் பிழைக்கு ஒயிட்னர் பூசவே கூடாது, டைட்டிலே செல்லாமல் போகலாம். 2011 மாடலும் அதற்குப் பிந்தையதும் என்றால் 20 வருடம் வரை ஓடோமீட்டர் கணக்கையும் விற்பவர் எழுதித் தர வேண்டும்.

அடுத்த காருக்கு, விற்பவரை அந்தப் பதிவு அலுவலகத்துக்கே கூட்டிப்போய், காகிதத்தை அவர்கள் வாங்கிக்கொண்ட பிறகுதான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.