செப்டம்பர் பேஸ்பால்: தோல்விப் பத்தியைப் பாருங்கள், பஃபலோவையும் பாருங்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால், ஏப்ரலிலிருந்து பேஸ்பால் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூடப் புள்ளிப்பட்டியலைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பலர் பார்க்கிற இடம் தப்பு. ஜி.பி. என்று ஒரு பத்தி இருக்கும், முதலிடத்துக்கு எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறோம் என்று காட்டுவது. "அரை ஆட்டம்தானே, பிடிச்சிடலாம்" என்கிற பேச்செல்லாம் அதை வைத்துத்தான் ஓடுகிறது. ஆகஸ்ட் முடிந்த பிறகு அந்தப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு பட்டியலைப் பார்ப்பது நல்லது என்பேன். இன்னொன்றும் சொல்வேன்: மேஜர் லீக் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்குச் செப்டம்பரில் நடப்பதில் பாதிதான் தெரியும். மிச்சம் பஃபலோ, ரவுண்ட் ராக் மாதிரி ஊர்களில், மேஜர் லீக் அணிகளுக்கு ஆள் தயார் செய்யும் மைனர் லீகில் நடக்கிறது.

முதலில் கணக்கு. இரண்டு அணிகளின் வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதுதான் ஜி.பி. ஓர் அணி 80 வெற்றி, 66 தோல்வி. இன்னொன்று 82 வெற்றி, 68 தோல்வி. கணக்குப்படி வித்தியாசம் பூஜ்யம். ஆனால் முதல் அணி இரண்டு முறை குறைவாகத் தோற்றிருக்கிறது, அதன் கையில் நான்கு ஆட்டங்கள் கூடுதலாக இருக்கின்றன. வெற்றியை இனிமேலும் சேர்க்கலாம், விழுந்த தோல்வியை யாராலும் அழிக்க முடியாது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் தோல்விப் பத்தியில் யார் குறைவு என்று முதலில் பார்க்கிறார்கள்.

அடுத்தது மேஜிக் நம்பர்: முன்னணி அணி இடத்தை உறுதிசெய்ய இன்னும் எத்தனை வெற்றியோ, துரத்துபவரின் தோல்வியோ வேண்டும் என்ற எண். பருவத்தின் 162 ஆட்டங்களோடு ஒன்று கூட்டிய 163-இலிருந்து முன்னணி அணியின் வெற்றிகளையும் துரத்தும் அணியின் தோல்விகளையும் கழிக்க வேண்டும். முன்னணி 90-60, துரத்துபவர் 86-64 என்றால் 163 – 90 – 64 = 9. முன்னணி வென்றால் ஒன்று குறையும், துரத்துபவர் தோற்றால் ஒன்று குறையும். இருவரும் நேருக்கு நேர் மோதி முன்னணி வென்றால் ஒரே ராத்திரியில் இரண்டு குறையும். இதில் அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. முதலாவது, சமநிலை விதியை மறப்பது. நேருக்கு நேர் தொடரை முன்னணி ஏற்கெனவே வென்றிருந்தால் சமமாக முடிந்தாலே போதும், எனவே உண்மையான எண் 9 இல்லை, 8. இரண்டாவது, வைல்ட் கார்டுக்கு (டிவிஷனை வெல்லாமலே பிளே ஆஃப் போகும் இடம்) கணக்குப் போடும்போது தனக்கு அடுத்த இடத்தில் இருக்கும் அணியோடு ஒப்பிடுவது. ஒப்பிட வேண்டியது தகுதிக் கோட்டுக்கு வெளியே நிற்கும் முதல் அணியோடு. மேஜர் லீகுக்குள் இருக்கும் இரண்டு லீகுகளில் ஒவ்வொன்றிலும் 15 அணிகள், அவற்றில் 6 உள்ளே போகும்: மூன்று டிவிஷன்களின் முதலிடங்கள், மூன்று வைல்ட் கார்டு. ஆகவே ஏழாவது அணிதான் உங்கள் எதிரி.

ஐபிஎல்லில் கடைசி வாரம் வந்தால் நாமெல்லாம் ரன் ரேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். இங்கே அந்த ஆறுதல் கிடையாது. 20 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் ஒரு வெற்றி ஒரு வெற்றிதான். 2022 முதல் 163-ஆவது ஆட்டம் என்கிற தீர்ப்பு ஆட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு அணிகள் சமமாக முடித்தால் முதலில் நேருக்கு நேர் கணக்கு, அதுவும் சமமானால் சொந்த டிவிஷனுக்குள் எடுத்த கணக்கு, அதற்குப் பிறகு மற்றவை. பிளே ஆஃப் அட்டவணை நெருக்கடி லீக் நிர்வாகத்துக்கு. ரசிகனுக்கு இது நஷ்டம். மே மாதம் யாரும் கவனிக்காத ஒரு புதன்கிழமை மதிய ஆட்டம் அக்டோபரைத் தீர்மானிக்கிறது.

2025-இல் டொரொன்டோவுக்கு நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழர்களுக்கு இது நினைவிருக்கும். புளூ ஜேஸும் நியூயார்க் யாங்கீஸும் 94-68 என்று துல்லியமாகச் சமமாக முடித்தன. ஒரே டிவிஷன் அணிகள் பருவத்துக்கு 13 முறை மோதும். 13 ஒற்றைப்படை, அதனால் எல்லா ஆட்டங்களும் நடந்துவிட்டால் நேருக்கு நேர் கணக்கு சமமாக முடியவே முடியாது. டொரொன்டோ 8, நியூயார்க் 5. இந்த மூன்று ஆட்ட வித்தியாசத்தில் டொரொன்டோவுக்கு டிவிஷன் பட்டமும் முதல் சுற்று ஓய்வும் கிடைத்தன. அதே 94 வெற்றி எடுத்த யாங்கீஸ் பாஸ்டனோடு மூன்று ஆட்டத் தொடர் ஆடித் தப்பிக்க வேண்டியிருந்தது. வேறு டிவிஷன் அணி என்றால் மோதல் 6 அல்லது 7 தான். 6 என்றால் 3-3 ஆகலாம், அப்போது அடுத்த விதிக்குப் போக வேண்டும். செப்டம்பர் முதல் வாரத்திலேயே உங்கள் அணிக்குப் போட்டியாக இருக்கும் நான்கைந்து அணிகளோடு நேருக்கு நேர் கணக்கு என்ன என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், கடைசி நாளில் மற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு விடை தெரிந்திருக்கும்.

முதல் சுற்று ஓய்வு வெறும் ஓய்வு இல்லை. டிவிஷன் வென்ற மூன்று அணிகளில் முதல் இரண்டுக்குத்தான் அது. மற்றவர்கள் மூன்று ஆட்டத் தொடர் ஆட வேண்டும், மூன்றும் தரவரிசையில் உயர்ந்த அணியின் மைதானத்திலேயே. ஓய்வு கிடைத்த அணி தன் சிறந்த பிட்சர்களை (பந்தெறிபவர்களை) வரிசைப்படுத்திக்கொள்ளலாம். கடைசி நாள்வரை முட்டி மோதி உள்ளே வருபவர்களிடம் பிட்சிங் சரக்கு தீர்ந்திருக்கும். 2024-இல் ஹெலீன் புயலால் தள்ளிப்போன ஆட்டங்களை நியூயார்க் மெட்ஸும் அட்லான்டாவும் செப்டம்பர் 30 திங்கட்கிழமை ஒரே நாளில் இரண்டாக ஆடின. ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு என்று முடிந்தது, இருவரும் உள்ளே. அதே 89-73 எடுத்திருந்த அரிசோனா இருவரிடமும் நேருக்கு நேர் தோற்றிருந்ததால் வெளியே. இரண்டாவது ஆட்டத்தில் பிட்ச் செய்ய வேண்டிய அட்லான்டாவின் கிறிஸ் சேல் முதுகுப் பிடிப்பால் இறங்கவில்லை. அட்லான்டா அடுத்த இரண்டு ஆட்டங்களில் சான் டியேகோவிடம் தோற்று வீட்டுக்குப் போனது.

சரி, மைனர் லீக்.

மேஜர் லீகின் 30 அணிகளுக்கும் தலா நான்கு படிகளில் துணை அணிகள் உண்டு: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. மொத்தம் 120. டொரொன்டோவுக்கு அந்த ஏணி டனீடின், வான்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், பஃபலோ. கீழ்ப்படிகள் முதலில் மூடும்: ஏ படிகள் இரண்டும் செப்டம்பர் முதல் பத்து நாட்களுக்குள், டபுள்-ஏ அதற்கு ஒரு வாரம் கழித்து, 150 ஆட்டங்கள் ஆடும் டிரிபிள்-ஏ மூன்றாவது வாரத்தில். வாரம் முழுக்க ஒரே எதிரணி: செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை.

இங்கே புள்ளிப்பட்டியலைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. பருவத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஜூனில் முதல் பாதி முடிந்ததும் எல்லோரும் மறுபடி 0-0. முதல் பாதியை வென்ற அணி இரண்டாம் பாதியில் கடைசி இடத்தில் கிடந்தாலும் பிளே ஆஃப் ஆடும். காரணம் எளிது: ஜூனில் நன்றாக ஆடியவர்களை ஜூலையில் மேல்படிக்குத் தூக்கியிருப்பார்கள். டிரிபிள்-ஏ அணி ஆகஸ்டில் தொடர்ந்து தோற்றால் பல நேரம் அதற்கு அர்த்தம், அதன் நல்ல ஆட்டக்காரர்கள் மேலே போய்விட்டார்கள் என்பதுதான். ஐந்து இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூடக் கொடுக்காத பிட்சரை, எறியலாம் என்று வைத்த பந்துகளின் எண்ணிக்கை முடிந்தது என்று வெளியே கூட்டிக்கொண்டு போவதும் இங்கே சாதாரணம். அங்கே வெற்றிக்காக யாரும் ஒரு தோளைப் பணயம் வைப்பதில்லை.

ஆகவே மைனர் லீகில் பார்க்க வேண்டியது பட்டியலை அல்ல, தினசரி இடமாற்ற அறிவிப்புகளை. அதைப் படிக்கச் சில விதிகள் தெரிந்திருந்தால் போதும். செப்டம்பர் 1 அன்று மேஜர் லீக் அணியின் ஆட்டக்காரர் எண்ணிக்கை 26-இலிருந்து 28 ஆகும், பிட்சர்கள் 14-க்கு மேல் கூடாது. முன்பு 40 பேர்வரை கூட்டிக்கொள்ளலாம்; ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று பிட்சர் மாற்றி உயிரை வாங்குவார்கள். 28 ஆக்கியது நல்ல வேலை. மேஜர் லீகில் ஆட வேண்டுமானால் அணியின் 40 பேர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்; அதில் இல்லாதவரைக் கூப்பிட வேண்டுமானால் முதலில் அந்தப் பட்டியலில் இடம் காலி செய்ய வேண்டும். எனவே டிரிபிள்-ஏயில் பிரமாதமாக ஆடுபவரை விட்டுவிட்டு ஏற்கெனவே 40-இல் இருக்கும் சுமாரான ஒருவரைக் கூப்பிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கீழே அனுப்பிய பேட்டர் குறைந்தது 10 நாள், பிட்சர் 15 நாள் அங்கேயே இருக்க வேண்டும், மேலே யாருக்காவது அடிபட்டால் மட்டும் விலக்கு.

ஆகஸ்ட் நடுவில் இளம் ஆட்டக்காரர்கள் திடீரென்று மேலே வருவதற்கு வேறு கணக்கு. மேஜர் லீகில் 45 நாளோ, 130 முறை பேட் பிடித்த கணக்கோ, 50 இன்னிங்ஸோ தாண்டினால் புதுமுகம் என்ற தகுதி போய்விடும். ஆகஸ்ட் 15-க்குப் பிறகு கூப்பிட்டால் 45 நாள் வராது. அடுத்த ஆண்டு முழுக்க அவர் புதுமுகமாக ஆடி அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதை வென்றால், உரிய நிபந்தனைகளோடு, அணிக்கு டிராஃப்டில் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) ஒரு கூடுதல் இடம் கிடைக்கும். திறமை ஜூலையிலேயே தயாராகத்தான் இருந்திருக்கும், காலண்டர்தான் தயாராக இருந்திருக்காது.

டொரொன்டோ பிட்சர் ட்ரே யெசாவேஜின் கதை இந்த ஏணி முழுவதையும் ஒரே ஆண்டில் காட்டியது. 2024 டிராஃப்டில் 20-ஆவதாக எடுக்கப்பட்டவர். 2025 ஏப்ரலில் டனீடினில் கீழ்ப்படியில் ஆரம்பித்து, நான்கு படிகளும் ஏறி, 98 இன்னிங்ஸில் 160 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்து, செப்டம்பர் 15 அன்று டாம்பாவில் டொரொன்டோவுக்காக முதல் முறை இறங்கினார். ஐந்து இன்னிங்ஸ், ஒன்பது ஸ்ட்ரைக் அவுட். பிளே ஆஃப் ஆடத் தகுதி ஆகஸ்ட் 31 இரவோடு முடிந்துவிடுகிறது என்று சொல்வார்கள், அது பாதி உண்மை. அந்தத் தேதியில் அந்த அணியின் ஏணியில் எந்தப் படியிலாவது இருந்தவரை, காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாகச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. செப்டம்பரில் மூன்றே ஆட்டம் ஆடியவர் அக்டோபரில் யாங்கீஸுக்கு எதிராக 11 பேரையும், இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸுக்கு எதிராக 12 பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். பஃபலோ ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இருந்திருக்காது.

போட்டியிலிருந்து வெளியேறிய அணிகளும் செப்டம்பரில் ஆள் கூப்பிடும், அது வேறு வகை, பரீட்சை வகை. தாய்வழியில் இந்திய வம்சாவளியான குமார் ராக்கர் முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து திரும்பி, 2024 செப்டம்பர் 12 அன்று டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்காக சியாட்டிலில் அறிமுகமானது அப்படித்தான்.

டிரிபிள்-ஏ எண்களைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை. பசிபிக் கோஸ்ட் லீகின் பல மைதானங்கள் உயரத்தில் இருக்கின்றன: ஆல்புகர்க்கி ஏறத்தாழ 5,000 அடி, ரீனோ 4,500 அடி. காற்று மெல்லியதாக இருப்பதால் பந்து தூரம் போகும், வளையும் பந்து குறைவாக வளையும். அங்கே ஒரு பேட்டரின் ஹோம் ரன் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது. ஒரு பிட்சரின் ரன் சராசரி 5 என்று தள்ளவும் கூடாது. ஸ்ட்ரைக் அவுட், வாக் (நான்கு தப்பான பந்துக்குப் பேட்டர் சும்மா முதல் பேஸுக்குப் போவது) இரண்டின் விகிதத்தைப் பாருங்கள், அவற்றை உயரம் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. காயத்திலிருந்து மீண்டு வரும் நட்சத்திரங்களும் அங்கேதான் ஒத்திகை பார்ப்பார்கள்: பிட்சருக்கு 30 நாள், மற்றவர்களுக்கு 20 நாள் வரம்பு. ஒத்திகை தொடங்கிய தேதி தெரிந்தால் மேலே திரும்பும் கடைசித் தேதி தானே தெரியும். அன்று தொடங்க வேண்டிய பிட்சர் காரணம் சொல்லாமல் நிறுத்தப்பட்டாலோ, அடிபடாத பேட்டர் மூன்றாவது இன்னிங்ஸில் வெளியேறினாலோ, மேலே ஓர் இடம் காலியாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த அழைப்பின் எடை சம்பளத்தில் தெரியும். 2023 ஒப்பந்தப்படி டிரிபிள்-ஏயின் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 35,800 டாலர். மேஜர் லீகில் 2025-இன் குறைந்தபட்சம் 7,60,000 டாலர். ஒரு நாளுக்கு நாலாயிரம் டாலர் சொச்சம். அங்கே 43 நாள் சேர்ந்துவிட்டால் ஓய்வூதியத் தகுதியும் வரும். தோற்றுப்போன அணியின் செப்டம்பர் ஆட்டத்தை அர்த்தமில்லாதது என்று சொல்பவர்கள், எட்டாவது இன்னிங்ஸில் இறங்கும் 29 வயது பிட்சருக்கு எத்தனை நாள் சேர்ந்திருக்கிறது என்று ஒரு முறை பார்க்கலாம்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லா ஆட்டங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும். டொரொன்டோவில் மதியம் மூன்று மணி, இந்தியாவிலும் இலங்கையிலும் நள்ளிரவு பன்னிரண்டரை. போட்டி அணியின் முடிவை யாரும் முன்கூட்டித் தெரிந்து தளர்ந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஆனாலும் எல்லோரும் ஒளிப்பலகையில் ஸ்கோரைப் பார்ப்பார்கள். 2025 செப்டம்பர் 28 அன்று மெட்ஸும் சின்சினாட்டியும் 83-78 என்று சமமாக இருந்தன. ஆறு நேரடி ஆட்டங்களில் நான்கை சின்சினாட்டி வென்றிருந்ததால், மெட்ஸ் வென்று சின்சினாட்டி தோற்றால் மட்டுமே மெட்ஸுக்கு வழி. மில்வாக்கியில் சின்சினாட்டி 4-2 என்று தோற்றது. கதவு திறந்துதான் கிடந்தது. மயாமியில் மெட்ஸ் ஒரு ரன்கூட எடுக்காமல் 4-0 என்று தோற்றது.