மாமாவின் தொப்பியில் இருந்த யானை

போன மாதம் ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் நடந்தது இது. என் தாய்மாமா மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த காலேஜ் பையன், நல்ல பையன்தான், பேச்சுவாக்கில் கேட்டான்: "பட்டாளம்னா சீக்கியர், கூர்க்கா, ராஜபுத்திரர்தானே தாத்தா. நம்ம ஆளுங்க எங்க சண்டை போட்டாங்க?" மாமா ஒன்றும் சொல்லவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார். அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் சொன்ன கருத்து அவனுடையதே கிடையாது. 140 வருடங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் தளபதி விதைத்தது இது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்திச் சிப்பாய்கள் நீண்ட கால அமைதியில் மழுங்கிப் போய்விட்டார்கள், வடக்கத்திப் 'போர் இனங்களுக்கு' முன்னால் அவர்கள் நிற்க மாட்டார்கள் என்று முடிவு கட்டினார். அடுத்து அவரே இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி ஆனார். தெற்கில் ஆள் எடுப்பது குறைந்துகொண்டே வந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு கர்நாடிக், வாலாஜாபாத் என்று நம் மண்ணின் பெயர்களைச் சுமந்த பழைய காலாட்படைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். 1930களில் மதராஸ் காலாட்படை என்று ஒன்று இல்லாமலே போனது. சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படைதான் தப்பியது.

அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது, ஆள் போதவில்லை. 1941இல் அதே மதராஸ் ரெஜிமெண்டைத் திரும்பவும் எழுப்பினார்கள். 'மழுங்கிப் போனவர்கள்' பர்மா காட்டில் ஜப்பானியரோடு சண்டை போட்டார்கள்.

ராபர்ட்ஸ் பார்க்க மறுத்த பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்திய ராணுவத்தின் காலாட்படை ரெஜிமெண்டுகளிலேயே மிகப் பழையது மதராஸ் ரெஜிமெண்ட்தான். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட வந்த நேரத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் பட்டாலியன்கள் என்ற படைப்பிரிவுகளாக அமைக்கப்பட்டார்கள். அந்த முற்றுகையில் கோட்டைக்கு வெளியே நின்று பிரெஞ்சுப் படைக்கு உணவு வரும் வழிகளைத் தாக்கியவர் மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப் கான். 1764இல் மதுரையில் அவரைத் தூக்கில் போட்டதும் அவர் யாருக்காகச் சண்டை போட்டாரோ அவர்கள்தான்.

1762இல் மதராஸிலிருந்து கப்பலேறி மணிலாவைப் பிடிக்கப் போன படையிலும் நம் சிப்பாய்கள் இருந்தார்கள். சிலர் திரும்பி வரவே இல்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே கல்யாணம் செய்து, அந்த ஊர் ஜனங்களோடு கலந்துவிட்டார்கள். தங்கள் முன்னோர் கடல் கடந்து வந்த சிப்பாய்கள் என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு. இதை முதலில் படித்தபோது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எந்த ஊர்க்காரனோ, இங்கே யார் எத்தனை வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்களோ.

1841 மே மாதம் சீனாவில் காண்டன் நகருக்கு வெளியே 37ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி, அதாவது பட்டாலியனுக்குள் இருக்கும் ஒரு சிறு பிரிவு, கொட்டும் மழையில் மற்றவர்களிடமிருந்து பிரிந்து வயல்வெளியில் மாட்டிக்கொண்டது. வெடிமருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. சுற்றிலும் ஆயிரக்கணக்கில் ஊர் மக்கள். நான்கு பக்கமும் பார்த்துச் சதுரமாக நின்று, துப்பாக்கி முனையில் செருகிய கத்தியை மட்டும் வைத்துக்கொண்டு, உதவி வரும்வரை தாக்குப்பிடித்தார்கள். அந்தப் போர் அபின் விற்பதற்காக நடந்த அநியாயப் போர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சேற்றில் நின்றவர்களின் நெஞ்சுரத்திலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

நல்லதை மட்டும் பொறுக்கி எழுதினால் மாமாவே என்னைத் திட்டுவார். பாஞ்சாலங்குறிச்சி மேல் கம்பெனி படையெடுத்தபோது அந்தப் படையில் இருந்தவர்களும் மதராஸ் சிப்பாய்கள்தான். திப்பு மேல் போனவர்களும் அவர்கள்தான். கூலிக்குச் சண்டை போட்ட காலம் அது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 1806 ஜூலை 10 அன்று விடியும் முன்பு வேலூர்க் கோட்டையில் எழுந்தவர்களும் அதே மதராஸ் சிப்பாய்கள்தானே! நெற்றியில் இட்டுக்கொள்ளக் கூடாது, கடுக்கன் போடக் கூடாது, தாடியை எடு, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று உத்தரவு வந்தது. தாங்க முடியாமல் எழுந்தார்கள், கோட்டையைப் பிடித்தார்கள், திப்புவின் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து சேரும்வரை சில மணி நேரம் கோட்டை அவர்கள் கையில் இருந்தது. பிறகு நடந்தது படுகொலை. சுமார் 350 சிப்பாய்கள் செத்திருப்பார்கள் என்பது பொதுவான கணக்கு. 1857க்கு 51 வருடங்கள் முந்தையது இது. வேலூரில் மக்கான் பக்கம் நினைவுத்தூண் இருக்கிறது, பஸ்ஸில் தினமும் தாண்டிப் போகிறோம். மேடைகளில் 'வேலூர்ப் புரட்சி' என்று பேசும் யாரும் அந்தச் சிப்பாய்களை மதராஸ் ரெஜிமெண்டின் முன்னோர்கள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாமா சொல்வார், "அவங்க எங்க பல்டன் ஆளுங்கடா." அவருக்கு அதில் குழப்பமே கிடையாது.

சின்ன வயதில் அவர் லீவில் வரும்போது கறுப்பு ட்ரங்க் பெட்டி ஒன்று கூடவே வரும். மூடியில் வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும். அதைத் திறந்து தொப்பியில் இருக்கும் சின்னத்தைத் தொட்டுப் பார்ப்போம். குறுக்கே இரண்டு வாள், நடுவில் யானை. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிராவில் இருக்கும் அசாயே என்ற கிராமத்தில், தன்னைவிடப் பல மடங்கு பெரிய மராத்தியப் படையை எதிர்த்து நின்றதற்குக் கிடைத்த யானை அது. அந்தப் போரை நடத்திய வெல்லஸ்லிதான் பிற்பாடு வெலிங்டன் பிரபு ஆனார். நீலகிரியில் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கும் ஊருக்கும் அவர் பெயர்தான். மாமா ரங்ரூட்டாக, அதாவது பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்தவராக, அந்தக் குளிரில் ஓடிய கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். பயிற்சி முடிந்து சத்தியம் எடுக்கும் கசம் பரேடு நாளைப் பற்றிப் பேசும்போது மட்டும் இன்றும் குரல் கம்மும்.

வட இந்தியாவில் நம்மை மட்டம் தட்ட 'மதராசி' என்பார்கள். வேலைக்காக நான் அங்கே இருந்த வருடங்களில் எத்தனையோ முறை கேட்டு முகம் சுண்டியிருக்கிறேன். இந்த ரெஜிமெண்ட் அதே சொல்லைப் போர் முழக்கமாக வைத்திருக்கிறது: "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" தமிழனுக்கும் மலையாளிக்கும் அர்த்தம் சொல்ல வேண்டாம். கன்னடக்காரனுக்கும் கொல்லு என்றால் கொல்லுதான். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஒரே கம்பெனியில் கலந்திருப்பார்கள். சாதிக்கொரு கம்பெனி, மதத்துக்கொரு கம்பெனி என்ற பிரிப்பு இங்கே இல்லை. பஞ்சாபிலிருந்து வந்த அதிகாரிகூட ஜவானை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். ராணுவம் முழுக்க இவர்களுக்குப் பெயரே தம்பிகள்தான். இதைவிட அழகான பட்டப்பெயர் எந்த ரெஜிமெண்டுக்கும் கிடையாது என்பது என் கட்சி.

ரெஜிமெண்டின் 9ஆம் பட்டாலியனின் கதை தனி. அது கம்பெனியிடமிருந்து வந்ததல்ல, திருவிதாங்கூர் மன்னரின் சொந்தப் படை. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த படை. பிடிபட்ட தளபதி டி லனாய் பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்துத் தளபதியும் ஆனார். தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது, கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம்.

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் 19ஆம் மதராஸைச் சேர்ந்த பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மாமாவும் சியாச்சினில் இருந்தவர். சாப்பாட்டைக்கூட டிவி முன்னாலேயே வைக்கச் சொன்னார். ஆறாவது நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு இருக்கிறார் என்று செய்தி வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். கர்நாடகக்காரர், எங்களுக்கு எந்த உறவும் இல்லை. "தம்பி பொழச்சிக்கிட்டான்" என்று அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னார். 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் ஹனுமந்தப்பா இறந்தார். அன்று ராத்திரி மாமா அந்த ட்ரங்க் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை.

பந்தியில் கேட்ட அந்தப் பையனுக்கு இந்தப் பதிவை அனுப்பியிருக்கிறேன். உங்கள் குடும்பத்தில் யாராவது மதராஸ் ரெஜிமெண்டில் இருந்திருந்தால், இப்போதும் இருந்தால், எத்தனையாவது பட்டாலியன், எந்த ஊர் என்று மட்டும் கீழே எழுதுங்கள். மாமாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், ஒவ்வொன்றாக அவருக்குப் படித்துக் காட்டுவேன்.