எலி காலை இழுக்கவில்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தமா?
மரத்துப்போக வைக்கும் ஊசியை எலியின் காலில் போட்டுச் சோதித்த ஆய்வைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஊசி போட்ட எலி சூடு பட்டும் காலை இழுக்கவில்லை, ஆகவே வலி போய்விட்டது என்று அந்தக் கட்டுரை முடிவு கட்டுவது கொஞ்சம் அவசரம். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பைச் சுற்றி லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தைப் போட்டால் வலியைக் கடத்தும் இழைகளோடு தசையை இயக்கும் இழைகளும் சேர்ந்தே மரத்துப்போகும், எலிக்கு வலித்தாலும் கால் வராது. எனக்கு முழங்கால் அறுவைக்காக முதுகில் ஊசி போட்டுவிட்டுக் கட்டைவிரலை அசைக்கச் சொன்னார்கள். முக்கிப் பார்க்கிறேன், யாரோ ஒருவருடைய விரல் மாதிரி சும்மா கிடக்கிறது. 2007-ல் நேச்சர் இதழில் வந்த எலி ஆய்வு இந்தச் சிக்கலைத்தான் பிடித்தது: தானாக நரம்புக்குள் நுழைய முடியாத க்யூஎக்ஸ்-314 என்ற மரப்பு மருந்தை, மிளகாய்க் காரமான கேப்சைசினோடு சேர்த்துப் போட்டார்கள், காரம் திறக்கும் வாசல் வலி நரம்புகளில்தான் அதிகம் என்பதால் வலி மட்டும் அடங்கியது, கால் அசைவு போகவில்லை. அப்புறம், கட்டுரை சொல்லும் ஆய்வில் ஊசி போடாத மறுகாலையும் சோதித்தார்களா? அதுவும் மந்தமாகியிருந்தால் மருந்து இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க வேலை செய்திருக்கலாம். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'எலியின் காலைப் பொசுக்குகிறார்கள்' என்கிறார். இழுக்காவிட்டாலும் குறித்த நொடியில் சூட்டை நிறுத்திவிடுவதுதான் இந்தச் சோதனையின் வழக்கம்.